தாத்தா படித்த பள்ளிக்கூடம்: பதிவேடு, பட்டா, பரிசு

மன்னார்குடிப் பக்கமோ மாயவரம் பக்கமோ, மூன்று தலைமுறையும் ஒரே அரசுப் பள்ளியில் படித்த குடும்பங்கள் நிறைய உண்டு. இன்றைக்கு வீடு பூட்டிக் கிடக்கும், நிலம் குத்தகையில் இருக்கும், பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்ற ஆசை மட்டும் எல்லோருக்கும் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு பொங்கல் லீவில் பத்து மின்விசிறியோடு முடிந்துவிடும். மூன்றாவது வருடம் போய்ப் பார்த்தால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், நீங்கள் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

தொடர்பு நிலைக்க வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளியின் பதிவேட்டிலும், இடம் கொடுத்த குடும்பமாக இருந்தால் பட்டாவிலும், பரிசு வைத்தால் வங்கியிலும் அந்த எழுத்து இருக்க வேண்டும். அதோடு வருடத்தில் ஒரு தேதியும் ஊரில் ஒரு ஆளும் வேண்டும்.

பதிவேட்டில் பெயர் தேடுவது

முதலில் எந்தப் பள்ளி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரியவர்கள் ‘போர்டு ஸ்கூல்’ என்பார்கள். ஜில்லா போர்டு நடத்திய அந்தப் பள்ளி பிறகு அரசு உயர்நிலைப் பள்ளியாகி, 1978இல் பிளஸ் டூ வந்த பின் மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்திருக்கலாம். அப்படி உயரும்போது சிறு வகுப்புகளைப் பிரித்துத் தனிப் பள்ளி ஆக்கியிருந்தால், பழைய பதிவேடு இரண்டில் ஏதாவது ஒன்றில் தங்கியிருக்கும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். மாவட்டப் பெயரையும் கவனியுங்கள். 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. 1991க்கு முந்தைய காகிதங்களில் எல்லாமே தஞ்சாவூர்தான்.

தேட வேண்டியது சேர்க்கைப் பதிவேடு, அட்மிஷன் ரெஜிஸ்டர். வீட்டில் பழைய டி.சி. இருந்தால் அதில் சேர்க்கை எண் இருக்கும், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் பெயர், தகப்பனார் பெயர், தெரு, சேர்ந்த வகுப்பு, உத்தேசமான வருடம் ஆகியவற்றை எழுதித் தலைமையாசிரியருக்கு மனு கொடுங்கள்.

வருடத்தை முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு தள்ளித் தேட வேண்டும். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்று கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த தேதியை ஆசிரியரே கணக்குப் போட்டு எழுதினார். ஒரு பக்கத்தில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பது அதனால்தான். பெயரும் மாறியிருக்கும். வீட்டில் ‘குஞ்சம்மாள்’ என்று கூப்பிட்ட பாட்டி பதிவேட்டில் தனலட்சுமியாக இருப்பார். தகப்பனார் பெயரும் தெருவும் ஒத்துப்போனால் அவர்தான். பாட்டியைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் அவர் பெயர் அங்கே இருக்கும், நீக்கிய தேதியும் பெரும்பாலும் காரணமும் இருக்கும்.

போகும் நேரம் முக்கியம். ஜூனில் சேர்க்கை, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு, இரண்டிலும் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பார்க்கலாம். அறுபது எழுபது வருடத் தாள் அப்பளம்போல ஒடியும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. அடியில் ஒரு அட்டையைச் செருகித் தாளை அட்டையோடு சேர்த்துத் திருப்புங்கள். படம் எடுப்பதானால் ஜன்னல் ஓரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் குடும்பத்து வரியை மட்டும் எடுத்து, மேலும் கீழும் வெள்ளைத் தாளால் மறைத்துவிடுங்கள். மற்றவர்களின் சாதியும் பிறந்த தேதியும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. படத்தோடு நிற்காமல், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்று நகலாகக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சாதிச் சான்றிதழில் சிக்கல் வந்தால் அந்த நகல் நல்ல ஆதாரமாக நிற்கும்.

கல்வெட்டு இருந்தால் அதையும் இதே சமயத்தில் பாருங்கள். பழுதான கட்டடத்தை இடிக்கும்போது நன்கொடையாளர் பெயர் பதித்த கல்லும் இடிபாட்டோடு போய்விடுகிறது. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன், கல்லை எடுத்துப் புதுக் கட்டடத்தில் பதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டிய பிறகு கல்லை நனைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டி பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் தெரியாத வரி நிழலில் எழும்பும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மிச்ச எழுத்தும் போய்விடும்.

தாத்தா கொடுத்த இடம்

பள்ளி நிற்கும் இடத்தையோ விளையாட்டு மைதானத்தையோ எங்கள் தாத்தாதான் கொடுத்தார் என்று வீட்டில் பேச்சு இருந்தால், மற்ற எதற்கும் முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். இதைவிடப் பெரிய உதவியை அந்தக் குடும்பம் பள்ளிக்குச் செய்துவிட முடியாது. 1950களின் கடைசியில் காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் மனமுவந்து பள்ளிகளுக்குக் கொடுத்த காலம் அது. இடம் கொடுத்தவர்களில் பலர் வாய் வார்த்தையாகவே கொடுத்தார்கள். பத்திரம் எழுதவில்லை, பட்டா இன்னமும் கொள்ளுத் தாத்தா பெயரில் கிடக்கும்.

இதனால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். புது வகுப்பறைக்குப் பணம் வரும்போது பொறியாளர் முதலில் கேட்பது நில ஆவணம். பள்ளி பெயரில் இல்லை என்றால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், பட்டாவில் பெயர் இருக்கிற ஒரே காரணத்துக்காக ஒரு வாரிசு மைதானத்தை விலைபேசிவிடவும் கூடும்.

செய்ய வேண்டிய வேலையை வரிசைப்படி சொல்கிறோம்.

1. சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். பழைய பத்திரத்தில் இருப்பது பழைய எண். 1980களில் நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுப் புதுப்பிப்பில் எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் புது எண் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள். பிறகு அரசின் நில ஆவண இணையதளத்தில் சிட்டாவும் (உரிமையாளர் பெயரும் நில அளவும் உள்ள பதிவு) அ-பதிவேடும் (கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) பாருங்கள்.

2. அ-பதிவேட்டில் பள்ளியென்றோ அரசுப் புறம்போக்கு என்றோ ஏற்கெனவே இருந்தால் உங்களுக்கு வேலை இல்லை. கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். டெல்டாவில் இது அடிக்கடி நடக்கும். தாத்தா குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தை விட்டுக் கொடுத்திருப்பார், உரிமை கோயிலுடையதாக இருக்கும். அதை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. தலைமையாசிரியரிடம் விவரத்தை எழுத்தில் கொடுங்கள், கல்வித் துறை அறநிலையத் துறையிடமோ மடத்திடமோ பேசட்டும்.

3. அளவைச் சரிபாருங்கள். வீட்டில் மா கணக்கில் பேசுவார்கள், பட்டா ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும். தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட் அல்லது 13.4 ஏர். 20 மா ஒரு வேலி. ‘ரெண்டு மா கொடுத்தோம்’ என்றால் பட்டாவில் 26, 27 ஏர் வர வேண்டும். சர்வே எண்ணில் ஒரு பகுதி மட்டும் பள்ளியிடம் இருந்தால் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது எல்லைக் கல் தெரியாது. தாளடி அறுவடை முடிந்து தரை காய்ந்த பிறகு, மார்ச்சிலிருந்து மே வரை அளப்பதுதான் சரி.

4. வில்லங்கச் சான்று எடுங்கள். 1975க்குப் பிற்பட்டது இணையத்திலேயே கிடைக்கும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். யாராவது அடமானம் வைத்திருந்தால் இங்கேதான் தெரியும்.

5. வாரிசுச் சான்று வாங்கி, பெண் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ‘அத்தைக்குச் சொல்ல வேண்டாம், அவர் கல்யாணமாகிப் போய்விட்டார்’ என்று விட்டால் பத்திரம் பிறகு நிற்காது. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அதைத் தவறவிட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் பலர்.

6. தானப் பத்திரத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று தலைமையாசிரியர் மூலம் முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்து கடிதமாக வாங்குங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரையும் கேட்க வேண்டியிருக்கும். தலைமையாசிரியரின் சொந்தப் பெயருக்கு ஒருபோதும் எழுதாதீர்கள். தானத்தைப் பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும், ஆகவே ஏற்பவர் கையெழுத்து பத்திரத்திலேயே இருக்கட்டும். ‘பள்ளி மூடினால் இடம் எங்களுக்குத் திரும்பி வர வேண்டும்’ என்பது போன்ற நிபந்தனை போட்டால் துறை ஏற்கத் தயங்கும்.

பத்திரம் பதிவானதோடு வேலை முடியவில்லை. பட்டா மாறி, புதுப் பட்டாவின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

அறக்கட்டளைப் பரிசு

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1904இல் கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசைப் பெற்ற மாணவர் சீனிவாச இராமானுஜன். ஒருவர் பெயரில் வைத்த பரிசு அவர் பெயரை எத்தனை காலம் சொல்ல வைக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கிற சாட்சி அது.

முறை பழையது: ஒரு தொகையை வைப்பில் போட்டு, வருட வட்டியைப் பரிசாகக் கொடுப்பது. பல பரிசுகள் நின்றுபோனதற்குக் காரணம் பணவீக்கமும் கையெழுத்தும்.

1990களில் 10,000 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வட்டி வந்தது. இன்று 6 சதவீதத்தில் 600 ரூபாய்தான் வரும். அந்த 600 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்து 200 ரூபாய்க்கு எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுக்கிற நிலைக்குப் பரிசு இறங்கிவிடுகிறது. எங்கள் யோசனை இது: குறைந்தது 1 லட்சம் வையுங்கள். 6.5 சதவீதம் என்றால் 6,500 ரூபாய் வரும். 5,000 ரூபாயைப் பரிசுக்கு எடுத்துக்கொண்டு 1,500 ரூபாயை அசலோடு சேருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தில் எல்லோரும் கை போட்டு அசலை உயர்த்துங்கள். தொகையை மே மாதம் போட்டால் அடுத்த வருட ஜூலைப் பரிசுக்கு வட்டி தயாராக இருக்கும்.

கையெழுத்துச் சிக்கல் இதைவிடக் கொடியது. கணக்கு ஒரு தலைமையாசிரியர் பெயரில் இருக்கும், அவர் மாறுதலாகிப் போவார், புதியவரின் கையெழுத்தை வங்கியில் யாரும் மாற்றமாட்டார்கள். வட்டி எடுக்க முடியாமல் நிற்கும். பத்து ஆண்டு யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். ஆகவே கணக்கு பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரிலோ பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரிலோ இருக்க வேண்டும், கையெழுத்து பதவி வழியாக இருக்க வேண்டும். மாறுதல் வந்தால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இந்த வைப்பு ரசீது ஒரு வரியாக ஏற வேண்டும்.

தாத்தா வைத்த பழைய ரசீது வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990இல் இந்தியன் வங்கியோடு இணைந்தது. பழைய கும்பகோணம் பேங்க்தான் இன்றைய சிட்டி யூனியன் பேங்க். ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், கிடைத்தால் அந்தந்த வங்கி மூலம் திரும்பக் கேட்கலாம்.

கடிதத்தில் எழுத வேண்டியதை அப்படியே தருகிறோம்:

‘எங்கள் பாட்டி நினைவாக ரூ. 1,00,000 நிரந்தர வைப்பாக வைக்கிறோம். அசலை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. ஆண்டு வட்டியில் ரூ. 2,500 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கும், ரூ. 2,500 எட்டாம் வகுப்பில் அதிக நாள் வருகை தந்த மாணவிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15 அன்று வழங்க வேண்டும். இருவர் சமமாக வந்தால் தொகையைச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஓர் ஆண்டு வழங்க இயலாவிட்டால் அந்த வட்டி அசலோடு சேர வேண்டும். பள்ளி வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டால் இப்பரிசு அப்பள்ளிக்குச் செல்ல வேண்டும்.’

வருகைப் பரிசைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை எல்லோரும் கொண்டாடுவார்கள். நடவு நாளிலும் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்காமல் பள்ளிக்கு வந்த பெண்ணை யாராவது பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட வேண்டும்.

தேதியும் யோசித்துப் போட்டதுதான். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள், எப்படியும் பள்ளியில் விழா இருக்கும். பத்தாவது முடித்துப் போன பிள்ளைகளும் அப்போது எட்டாக் கையில் இருக்கமாட்டார்கள். ஆண்டு விழாவுக்குத் தள்ளிப் போட்டால் அவர்கள் எங்கெங்கோ போய்விடுவார்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்த வருடமென்றால் ஜூலையில் குறுவை நடவு மும்முரமாக இருக்கும். காலை பத்து மணிக்கு விழா வைத்தால் கூலி வேலைக்குப் போகும் அம்மாவால் வர முடியாது. மூன்றரை மணிக்கு வைக்கச் சொல்லுங்கள்.

பொருளாகக் கொடுப்பதானால்

எந்தப் பொருளையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பக்க எண்ணைப் பொருளின் மீது பெயின்டால் எழுதிய பிறகுதான் கொடுத்ததாகக் கணக்கு. ஏறாத பொருளைப் பழுதுபார்க்கப் பள்ளியால் பணம் எடுக்க முடியாது, காணாமல் போனாலும் கேட்க ஆள் இல்லை.

வாங்குவதற்கு முன் என்ன தேவை என்று கேளுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ தளத்தில் பள்ளி வாரியாகத் தேவைகளைப் பார்க்கலாம், அதன் வழியாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகையும் உண்டு. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் கவனிக்க: உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. முன்னாள் மாணவர் சங்கத்தின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பக் கூடாது, அதற்கான பதிவு உள்ள அமைப்பு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. யாராக இருந்தாலும் ஆசிரியரின் சொந்த ஜி-பே எண்ணுக்குப் பணம் போடாதீர்கள், அவருக்குத்தான் அது தொல்லை.

குடிநீர்க் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோரப் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பு. ஆர்.ஓ. கருவி வைத்தால் ஒரே வருடத்தில் சவ்வு அடைத்துக்கொள்ளும். பில்டரையும் சவ்வையும் மாற்ற வருடாவருடம் யார் பணம் தருவது என்று முடிவு செய்யாமல் கருவி வாங்குவது வீண். கருவி வாங்கும் அன்றே மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் வாங்குங்கள். கருவி தள்ளும் கழிவு நீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

பழைய ஓட்டுக் கட்டடத்துக்கு வண்ணம் அடிக்க ஆசைப்பட்டால் சுவர் சுண்ணாம்புக் காரையா என்று பாருங்கள். காரைச் சுவரில் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஐப்பசி மழையோடு கொப்புளம் கொப்புளமாக உரிந்து வரும். சுண்ணாம்பே அடியுங்கள். நிழலுக்கென்று கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. மரம் நட்டுக் கொடுங்கள்: புங்கன், வேம்பு, இலுப்பை. சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நடுங்கள். 2018 நவம்பர் கஜா புயலில் சுவரோரத்து மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரில் ஒரு ஆள்

குடும்பத்தில் யாராவது ஒருவர் ஊரில் இருந்தால் அவர்தான் இந்த வேலைக்கு ஆள். யாரும் இல்லாவிட்டால் அதே பள்ளியில் படித்து, இப்போதும் ஊரில் இருக்கிற ஒருவரைக் கேளுங்கள். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அவர் அந்தக் குழுவில் இருந்தால் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியவரும். ஆகஸ்ட் 15க்கு ஊருக்குப் போகிறவர்கள் காலையில் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு, அன்றே நடக்கும் கிராம சபையிலும் உட்காருங்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, தெருவிளக்கு எல்லாம் அங்கே தீர்மானமாக ஏற வேண்டியவை.

ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு முடிந்து புதுத் தலைமையாசிரியர் வந்தால், முதல் மாதத்திலேயே உங்கள் ஆள் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். கையில் ஒரு கோப்பு இருக்கட்டும்: பதிவேட்டுச் சான்று நகல், தானப் பத்திரமும் பட்டாவும், வைப்பு ரசீதின் நகல், பரிசுக் கடிதம், இதுவரை பரிசு பெற்றவர்களின் பட்டியல். ஒரு படியை அவரிடம் கொடுத்து, இன்னொரு படியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி வர வேண்டும்.